கயிற்றின் நுனி ஏன் ஈரமாக இருந்தது?

செல்வி காலையில் எழுந்து கொட்டிலுக்குப் போனாள். ஆட்டுக்குட்டியைக் காணவில்லை. முளைக்குச்சி அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் கட்டியிருந்த கயிறு பாதியில் அறுந்து கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நுனி நார் நாராகப் பிரிந்து ஈரமாக இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக நான் கட்டிய சின்னக் கதை இது. இந்த இடத்தில் நிறுத்தி, "குட்டிக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். "திருடிட்டுப் போயிட்டாங்க" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும். "நரி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று இன்னொரு குரல். இவற்றில் எதற்கும் சரி, தப்பு என்று சொல்லாமல் "எதை வச்சுச் சொல்றே?" என்று மட்டும் கேட்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கும். பிள்ளைகள் கதைக்குள் திரும்பிப் போவார்கள். வீட்டில் ஆடு வளர்க்கும் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், கத்தியால அறுத்தா நுனி ஏன் ஈரமா இருக்கணும்? யாரும் திருடல. அதுவே மென்னு அறுத்துட்டு ஓடியிருக்கு" என்று சொல்லும்போது, எழுத்தைப் படிப்பது வேறு, கதையைப் படிப்பது வேறு என்பது மற்ற பிள்ளைகளுக்கும் புரிந்துவிடுகிறது.

கதை வாசிக்கும்போது அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பழக்குவதைப் பலர் வகுப்பைக் கலகலப்பாக்கும் உத்தியாக மட்டும் பார்க்கிறார்கள். வாசிப்பு என்ற செயலின் நடுநரம்பே அதுதான் என்று நான் நினைக்கிறேன். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் மூளையைப் பற்றி நமக்குத் தெரிய வந்திருக்கும் செய்திகள் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கின்றன.

முதலில் ஒரு வாக்கியம். "பாட்டி சுடச்சுடத் தோசை வார்த்து, தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி சுண்ணாம்பு ஊற்றினாள்." 'சுண்ணாம்பு' வந்த இடத்தில் உங்கள் கண் ஒரு கணம் இடறியிருக்கும். சட்னி, சாம்பார் என்று ஏதோ ஒன்று வரப்போகிறது என்று மனம் முன்பே இலை போட்டுக் காத்திருந்தது. 1980-இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இடறலை அளந்து காட்டினார்கள். தலையில் மின்வாய்களைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். பொருந்தாத சொல் வந்து ஏறத்தாழ 400 மில்லிவினாடியில், அதாவது அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில், மூளையின் மின்னலையில் ஓர் இறக்கம் பதிவானது. நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள். அபத்தமான சொல்லாக இருக்க வேண்டியதில்லை; எதிர்பாராத சொல்லாக இருந்தாலே போதும், அந்த அலை எழுகிறது. எந்த அளவுக்கு எதிர்பாராததோ அந்த அளவுக்குப் பெரிதாக எழுகிறது. அமைதியாக உட்கார்ந்து படிக்கும் ஒருவருடைய மூளை, ஒவ்வொரு சொல்லையும் தன் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபடியே நகர்கிறது.

கண்களும் இதைக் காட்டிக்கொடுக்கின்றன. 1999-இல் ஜெரி ஆல்ட்மன், யூகி கமிடே இருவரும் ஒரு படத்தைக் காட்டினார்கள். ஒரு சிறுவன், அவனைச் சுற்றிச் சில விளையாட்டுச் சாமான்களும் ஒரு கேக்கும். 'சிறுவன் சாப்பிடப்போகிறான்' என்ற பொருளில் வினைச்சொல் காதில் விழுந்ததுமே, 'கேக்' என்ற சொல் வருவதற்குள் கேட்பவர்களின் பார்வை கேக்குக்குத் தாவியது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுகிறது, அதனால் இது எளிது. வினை கடைசியில் வரும் மொழியில் என்ன ஆகும்? கமிடேயும் ஆல்ட்மனும் சாரா ஹேவுட்டோடு சேர்ந்து 2003-இல் ஜப்பானிய மொழியில் இதைச் சோதித்தார்கள். 'பரிமாறும் பெண்', 'வாடிக்கையாளருக்கு' என்ற இரண்டும் வந்தவுடனே, வினை வருவதற்கு வெகு முன்பாக, பார்வை மேசை மேலிருந்த தின்பண்டத்துக்குப் போனது. நான்காம் வேற்றுமை உருபே 'ஏதோ கொடுக்கப்படப்போகிறது' என்று அறிவித்துவிட்டது. தமிழும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிதான். 'அம்மா குழந்தைக்கு ஆசையாக' என்பது வரை கேட்ட தமிழ்ப் பிள்ளை, சோற்றையோ பாலையோ பொம்மையோ எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. நிவேதிதா மணி, ஃபால்க் ஹ்யூட்டிக் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் இரண்டு வயதுக் குழந்தைகள். ஜெர்மன் மொழியில் 'சிறுவன் தின்கிறான்' என்று கேட்டதுமே, எதிரே இருந்த இரண்டு படங்களில் தின்னக்கூடியதன் பக்கம் குழந்தைகளின் கண் போனது. நிறையச் சொற்களைத் தாங்களே பேசும் குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. குறைவாகப் பேசும் குழந்தைகளிடம் தெரியவில்லை.

இரண்டு வயதிலேயே வந்துவிடும் திறமையை எட்டு வயதில் எதற்குக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கதை கேட்கும்போது குழந்தையின் கவனம் முழுவதும் கதையில் இருக்கிறது. சொல்பவரின் முகமும் குரலும் கூடவே இழுத்துப்போகின்றன. நடுநடுவே 'உம்' கொட்டச் சொல்லும் நம் பாட்டிமார், குழந்தை தங்களோடுதான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தானே வாசிக்கத் தொடங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கொம்பு, கொக்கி, கால், புள்ளி என்று ஒவ்வொன்றையும் கூட்டிப் படிப்பதிலேயே கவனம் கரைந்துபோகிறது. வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்துவிடுகிறது. பிறகு சரளம் வந்துவிடும். ஆனால் 'படித்தல் என்றால் சத்தமாக ஒப்பித்தல்' என்ற பழக்கம் சில பிள்ளைகளிடம் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது.

அன்னமேரி பாலின்க்சரும் ஆன் பிரவுனும் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் படித்தவர்கள் அவர்கள். எழுத்துக் கூட்டுவதில் குறையில்லை, பொருள்தான் பிடிபடவில்லை. சிறு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகப் படித்தார்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்ற நான்கு வேலைகள். முதலில் ஆசிரியர் செய்து காட்டினார். பிறகு ஆசிரியர் இடத்தில் பிள்ளைகளே முறை வைத்து உட்கார்ந்தார்கள். சுமார் இருபது வகுப்பு நாட்களில், பத்துக் கேள்விக்கு மூன்று நான்கு மட்டுமே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஏழு எட்டு வரை போனார்கள். நான்கில் எது எவ்வளவு பங்களித்தது என்று இந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று சொல்லலாம்: ஊகிக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, இதுவரை படித்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் ஓர் அடிகூட முன்னே போக முடியாது.

அதற்கும் முன்பே, 1960-களில், ரஸ்ஸல் ஸ்டாஃபர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஊகித்து வாசிப்பதை வகுப்பறைக்கு ஏற்றபடி மிக எளிமையாக்கிவிட்டார். ஊகி, வாசி, நிரூபி. அவர் முறையைப் பின்பற்றும் ஆசிரியர்கள் இன்றும் கேட்பவை மூன்று கேள்விகள்தான். என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்? அதைக் கதையிலிருந்து எடுத்துக் காட்ட முடியுமா? நம் வகுப்புகளில் முதல் கேள்வி ஓரளவு வந்துவிட்டது, அட்டைப் படத்தைக் காட்டி "இது என்ன கதையா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அரிதாகவே வருகின்றன. தடயமே இல்லாத இடத்தில் கேட்கும்போது பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதற்குப் பெயர் ஊகம் அல்ல, குருட்டாம்போக்கு.

இங்கே பழக்கும் விஷயம் ஊகிப்பது அல்ல, ஊகத்துக்குப் பொறுப்பேற்பது. சொன்னதற்குக் காரணம் காட்டுவது, பக்கம் புரண்டதும் தன் ஊகத்தை எடுத்துச் சோதிப்பது, தேவைப்பட்டால் கைவிடுவது.

கைவிடுவது என்றவுடன் பல பெற்றோருக்கு மனம் சுருங்குகிறது. "தப்பாச் சொல்லிப் பழகிட்டா அதுவே மனசுல பதிஞ்சிடாதா?" என்கிறார்கள். ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. கார்வின் பிராட்டும் அவருடைய குழுவினரும் 2018-இல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை வெளியிட்டார்கள். சில கேள்விகளுக்கு மாணவர்கள் விடையைப் பார்க்கும் முன்பே ஊகத்தைச் சொன்னார்கள். வேறு சிலவற்றுக்கு விடையைப் பார்த்துவிட்டு, 'முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்' என்று சொன்னார்கள். எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்தபோது, முன்பே ஊகித்திருந்த தடவைகளில் கண்ணின் பாவை கூடுதலாக விரிந்தது. வியப்பின் அடையாளம் அது. அந்த வியப்பு நன்றாகக் கற்பதோடு தொடர்புகொண்டிருந்தது. வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால், அது பொய்க்கும்போது மனம் நிமிர்ந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் வந்து சேரும் விடை நிலைத்து நிற்கிறது.

இந்த வியப்பு எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஐமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 2015-இல் பதினொரு மாதக் குழந்தைகளுக்குச் சின்ன வித்தைகள் செய்து காட்டினார்கள். பந்து ஒன்று சுவரை ஊடுருவி அப்பால் போவதுபோல் ஒரு வித்தை. பொம்மைக் கார் ஒன்று பிடிமானமின்றி அந்தரத்தில் நிற்பதுபோல் இன்னொன்று. பிறகு அந்தப் பொருளையே குழந்தையின் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவிய பந்தைப் பார்த்த குழந்தை அதைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அந்தரத்தில் நின்ற காரைப் பார்த்த குழந்தை அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தது. இன்னும் பேசத் தொடங்காத குழந்தை, தன் எதிர்பார்ப்பு எந்த இடத்தில் பொய்த்ததோ சரியாக அந்த இடத்தைச் சோதிக்கிறது! வியப்பூட்டிய பொருளைப் பற்றிய புதுச் செய்தியையும் அந்தக் குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டன.

செல்வியின் கதைக்கு வருவோம். அடுத்த பக்கம் இப்படிப் போகிறது: பக்கத்து முளையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அசை போடுவதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் கயிற்று நார் ஒன்று ஒட்டியிருந்தது.

ஆடு வளர்க்கும் பிள்ளை தலையில் கை வைத்துக்கொள்ளும். மென்றுதான் அறுந்தது என்பது சரி. மென்றது யார் என்பதில் தவறிவிட்டது. இந்தப் பாதிச் சரியை வகுப்பு எப்படி எதிர்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் "தப்பு, அடுத்து யாரு?" என்று நகர்ந்துவிட்டால், அடுத்த முறை பிள்ளை யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கும். கரும்பலகையில் எல்லா ஊகங்களையும் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருந்து, "இதுல எதை வச்சுக்கலாம், எதை அழிக்கலாம்?" என்று பிள்ளைகளிடமே கேட்டால், 'மென்னு அறுந்தது' நிற்கும், 'அதுவே' என்ற சொல் மட்டும் அழியும். 'திருடன்' என்று சொன்ன பிள்ளையும் தானே எழுந்து வந்து தன் வரியை அழிக்கும். அழித்தவருக்கு வெட்கம் ஏற்படாத வகுப்பில் பிள்ளைகள் துணிந்து வாசிக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 1967-இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்க அறிஞர், வாசிப்பே ஒரு வகை ஊக விளையாட்டு என்று எழுதினார். அதன் தாக்கத்தில், தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்தும் முன்பின் வாக்கியத்தைப் பார்த்தும் ஊகித்துவிடு என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை பல நாடுகளில் பரவியது. அது தவறான பாதை. கீத் ஸ்டானோவிச் போன்றவர்களின் ஆய்வுகள், சொற்களை அடையாளம் காண்பதற்குச் சூழலை அதிகம் நம்பியிருப்பவர்கள் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளே என்று காட்டின. நன்றாக வாசிப்பவர்கள் எழுத்தைப் பார்த்தே சொல்லைப் படித்துவிடுகிறார்கள். 'கன்று' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்து 'மாடு' என்று படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு நாம் தலையாட்டக் கூடாது. எழுதிய எழுத்தை ஒலிக்கும் முறை தமிழில் பெரும்பாலும் ஒழுங்கானது; எழுத்துக் கூட்டிப் படித்தால் சொல் கிடைத்துவிடும். சொல்லை எழுத்திலிருந்து எடுக்க வேண்டும், நிகழப்போவதைக் கதையிலிருந்து எடுக்க வேண்டும். முதலாவதில் ஊகத்துக்கு இடமில்லை.

ஊகத்துக்கு வேண்டிய இன்னொரு சரக்கு புத்தகத்தில் இல்லை. கயிற்று நுனியின் ஈரம் நகரத்தில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குத் தடயமாகத் தெரியாது. எத்தனை சரளமாக வாசித்தாலும் தெரியாது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல் 64 அமெரிக்க மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்து, பொம்மைகளை வைத்து ஆட்டத்தை நடத்திக் காட்டச் சொன்னார்கள். பேஸ்பால் நன்றாகத் தெரிந்து, வாசிப்பில் சுமாராக இருந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் பேஸ்பால் தெரியாத மாணவர்களை வென்றுவிட்டார்கள். நம் ஊரில் இதைக் கிரிக்கெட் வருணனையை வைத்து யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் வாசிப்பில் பின்தங்கியதாகக் கருதப்படும் பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு கதை வரும்போது, அந்தப் பிள்ளையின் ஊகம்தான் முதலில் நிற்கும். வயல், படகு, தறி, பட்டாசு ஆலை, மீன் ஏலம் என்று பல உலகங்களிலிருந்து பாடநூல்களிலும் நூலகங்களிலும் கதைகள் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இது ஒரு வலுவான காரணம். ஒருவருக்குத் தெரியாததை இன்னொரு பிள்ளையின் ஊகம் கற்றுக்கொடுக்கிறது.

வாசிப்பு ஊகத்தை வளர்க்கிறது என்பதற்கும் நம் நாட்டிலிருந்தே சான்று உண்டு. ரமேஷ் மிஸ்ராவும் ஹ்யூட்டிக்கும் உள்ளிட்ட குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் படித்தவர்களும் மிகக் குறைவாகப் படித்தவர்களுமாக இரண்டு வகைப் பெரியவர்கள் இந்தி வாக்கியங்களைக் காதால் கேட்டார்கள். இந்தியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பல அடைமொழிகளே அந்தப் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டிவிடும். படித்தவர்களின் கண் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பெயர்ச்சொல் வருவதற்குள் சரியான படத்துக்குப் போனது. மற்றவர்களின் கண் சொல் காதில் விழும்வரை காத்திருந்தது. பேச்சைக் கேட்கும் விதத்தோடுகூட வாசிப்புப் பழக்கம் இத்தனை நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறது.

எத்தனை இடத்தில் நிறுத்துவது? ஒரு கதைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை தேர்வுத்தாளாகிவிடும். பிள்ளைகள் கதையையே வெறுப்பார்கள். தடயம் கிடைத்த பிறகு, முடிவு தெரிவதற்கு முன்பு, அந்த இடைவெளிதான் சரியான இடம். அதைத் தேர்ந்தெடுக்க ஆசிரியரோ பெற்றோரோ முதல் நாளே கதையைப் படித்துவைத்திருக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை. இன்னும் எழுத்துக் கூட்டாத குழந்தைகளுக்குப் படக்கதையே போதும். பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி உருவாக்கிய 'ரோஸீஸ் வாக்' என்ற படநூலில் கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி உலாப் போகிறது. மொத்த நூலிலும் 32 சொற்கள்தான். கோழிக்குப் பின்னால் வரும் நரியைப் பற்றி அந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. நரி படத்தில் மட்டும் இருக்கிறது. நரி பாயத் தயாராகும் பக்கத்திலேயே, அது எதில் விழப்போகிறது என்பதும் வரைந்திருக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டும் முன்பே குழந்தைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முடிவு தெரிந்த கதையையே மறுபடி மறுபடி கேட்கும் குழந்தைக்கு ஊகிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஜெசிகா ஹார்ஸ்ட்டும் குழுவினரும் 2011-இல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்தது இது: ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள், வெவ்வேறு கதைகளைக் கேட்ட குழந்தைகளைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். புதுச் சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரு தரப்புக்கும் ஒன்றுதான். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டதால், கவனம் சொற்களுக்கு மிஞ்சுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆகவே ஐந்தாவது முறையாக அதே கதையைக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், கேள்வியும் கேட்காதீர்கள். புத்தகத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு, "இன்னைக்கு நீ சொல்லு, நான் உம் கொட்டுறேன்" என்று உட்கார்ந்துகொள்ளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் பிள்ளை கதையை நிறுத்தி, "இப்ப என்ன ஆகும், சொல்லு பாப்போம்?" என்று நம்மைக் கேட்கும். நாம் ஒன்று சொன்னால், "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று அடுத்த கேள்வியும் வரும்.